கடைமடைக்கு நீர் வந்ததா?

கல்வி மின்மயமாகிவிட்டது என்கின்றனர். கரும்பலகை தொங்கிய சுவரிலே கண்ணாடித் திரை ஏறியிருக்கின்றது. சுண்ணக்கட்டி பிடித்த விரல் இன்று திரையைத் தொட்டுப் படத்தை நகர்த்துகின்றது. "இனிப் பட்டணத்துப் பிள்ளைக்கும் பட்டிக்காட்டுப் பிள்ளைக்கும் வேற்றுமை ஏது? மாளிகைக்குச் செல்லும் பாடமே குடிசைக்கும் செல்லும். அதுவும் ஒரே நொடியில்!" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். கேட்கச் செவி குளிர்கின்றது, மறுப்பதற்கில்லை.

ஆனால், தோழரே, நாம் நாஞ்சில் நாட்டார். நாஞ்சில் என்றால் கலப்பை. கலப்பையின் பெயரைத் தாங்கிய நாட்டிலே, உழவனிடம் சென்று "அணை நிறைந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். அவன் உடனே குதித்துக் கூத்தாட மாட்டான். "கடைமடைக்கு நீர் வந்ததா?" என்றுதான் முதலில் கேட்பான். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தது 1906ஆம் ஆண்டில். அணை எழுந்ததால் மட்டும் வயல் விளைந்துவிடவில்லை. கால்வாய் வெட்டினர், கிளைக்கால் பிரித்தனர், மடை வைத்தனர், முறை வகுத்து நீர் பாய்ச்சினர். அதன் பிறகே நாற்று நிமிர்ந்தது, கதிர் சாய்ந்தது.

மின்வழிக் கல்வியும் அத்தகையதே. அது அணை நீர். நிறைந்திருப்பது நன்று. அது எவர் வயலுக்குப் பாய்கின்றது, எந்தக் கால்வாய் வழியே பாய்கின்றது, கடைவரம்பில் இருப்பவன் வயல் நனைந்ததா, காய்ந்ததா என்பதே கேள்வி. இந்தக் கேள்வியைத்தான் இன்றைய ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் முன் வைக்கின்றோம்.

பலகைக்கு வந்த வரலாறு

குமரி மாவட்டத்தார்க்குக் கல்வியின் அருமையை எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. மாநிலத்தில் முதலிடம்! இந்தப் பெருமை வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. வாயிற்படிதோறும் வாதாடிப் பெற்றது.

1817ஆம் ஆண்டிலேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ஆணையிட்டார். மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் பாதிரிமார் பள்ளி தொடங்கினர். ஆனால் ஆணை ஏட்டிலே இருந்தது. அரசுப் பள்ளியின் வாயிலிலே சாதி இருந்தது. தோளிலே துணி போடும் உரிமைக்கே 1859 வரை பெண்கள் அடிபட்டுப் போராட வேண்டியிருந்த மண் இது. கோயில் வாயில் திறந்தது 1936இல். எழுத்து உண்டு, ஏடு உண்டு, பள்ளியும் உண்டு; ஆனால் எட்டி நிற்க வேண்டியவன் எட்டியே நின்றான்.

ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், ‘கிந்தனார்’ என்றொரு காலட்சேபம் நடத்தினார். நந்தன் கதையைத் திருப்பிப் போட்டார். ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் பட்டணம் சென்று படித்து, பள்ளி ஆய்வாளனாகித் தன் ஊருக்கே திரும்புகின்றான். 1949இல் ‘நல்லதம்பி’ படத்திலே அதைக் கண்ட மக்கள் சிரித்தனர், சிரித்துக்கொண்டே சிந்தித்தனர். பள்ளி இருக்கின்றது என்பது வேறு, என் பிள்ளைக்கு அங்கே இடம் இருக்கின்றது என்பது வேறு என்பதை அந்தக் கலைஞன் பாமரனுக்கும் புரிய வைத்தான். பூதப்பாண்டி தந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, ஊர் ஊராகச் சென்று முழங்கியதும் இந்த வேற்றுமையை ஒழிக்கத்தான்.

அந்த வேற்றுமை ஒழிந்துவிட்டதா? வாயிற்படி மாறியிருக்கின்றது. அன்று சாதி காவல் நின்ற வாயிலில் இன்று அலைவரிசை நிற்கின்றது. கைப்பேசியின் விலை நிற்கின்றது. மாதாமாதம் நிரப்ப வேண்டிய இணையக் கட்டணம் நிற்கின்றது.

வந்தவை எவை?

பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவதில் நமக்குக் கஞ்சத்தனம் கிடையாது. 2011 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பயின்ற மேனிலை வகுப்பு மாணவர்களின் கைகளுக்கு, வசதி படைத்தோர் மட்டுமே வைத்திருந்த கருவி வந்தது. 2019 ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பாகியது. அரசு உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. 2023இல் ‘மணற்கேணி’ என்ற செயலி வந்தது. பாடங்களை அசையும் படங்களாக விளக்கியது. 2024இல் 22,931 தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகள், 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகள் என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இவை அற்பமானவையா? அல்லவே அல்ல! இதயம் எப்படித் துடிக்கின்றது என்பதை ஆசிரியர் ஆயிரம் சொல்லால் விளக்கலாம். துடிக்கும் இதயத்தைத் திரையில் கண்ட பிள்ளை ஒரு கணத்தில் உணர்கின்றது. கண் பார்வை இல்லாத மாணவனுக்குக் கணினி படித்துக் காட்டுகின்றது. செவி கேளாத மாணவிக்குப் படமும் எழுத்தும் பாடம் சொல்கின்றன. அறிவியலை அஞ்சுவோர் நாமல்லோம். அச்சு இயந்திரம் வந்தபோது ஓலைச்சுவடிக்காக ஒப்பாரி வைத்தவர்களின் வழித்தோன்றல்கள் நாமல்லோம். கருவி வரட்டும்; வேகமாகவே வரட்டும்!

எனினும் கருவி வந்த கதையோடு கணக்கை முடித்துக்கொள்ள முடியாது. நாடே அந்தக் கருவியை நம்பி நின்ற ஒரு காலம் இருந்தது. அப்போது என்ன நடந்தது?

இருபது மாதப் பாடம்

2020 மார்ச்சில் பெருந்தொற்று பள்ளிகளைப் பூட்டியது. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1இல். ஏறத்தாழ இருபது மாதங்கள்! முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, ஆசிரியர் முகத்தைக் காணாமலே இரண்டாம் வகுப்பை அடைந்தது. "பள்ளி பூட்டியிருந்தால் என்ன, பாடம் கைப்பேசியில் வருகின்றதே!" என்றனர்.

எவர் கைப்பேசியில்? 2017-18ஆம் ஆண்டு நடந்த தேசிய மாதிரி ஆய்வு என்ன சொல்லிற்று? இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி உள்ளவை 100க்கு 4.4, இணைய வசதி உள்ளவை 100க்கு 14.9. அதற்குச் சில ஆண்டுகளுக்குள் நிலைமை முன்னேறியது உண்மையே. ஆயினும் வீட்டுக்கு ஒரு கைப்பேசி என்பது பிள்ளைக்கு ஒரு கைப்பேசி ஆகாது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளைக் கரைகளிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் மீனவன், வாரக் கணக்கில் வீடு திரும்புவதில்லை. வீட்டின் ஒரே கைப்பேசி அவனோடு துறைமுகம் போகும். கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலே, ஊரார் அண்டியாபீசு என்று அழைக்கும் முந்திரி ஆலைக்குக் காலையில் செல்லும் தாய், மாலையில்தான் திரும்புவாள். கைப்பேசி அவள் இடுப்பிலே. ரப்பர்க் காட்டில் பால்வெட்டும் தொழிலாளி விடியுமுன் கிளம்பிவிடுவான். மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்புகள், ஒரு கைப்பேசி, அதுவும் இரவிலே. அண்ணன் படித்தால் தங்கை காத்திருப்பாள். காத்திருப்பவள் எப்போதும் தங்கைதான் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

பேச்சிப்பாறைக்கு மேலே மலைக்குச் செல்லுங்கள். அங்கே காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. அணை நீரைப் படகில் கடந்து அடைய வேண்டிய குடியிருப்பும் உண்டு. அங்கே கருவி இருந்தாலும் அலைவரிசை எட்ட வேண்டுமே! சமவெளியின் வயல்களுக்கெல்லாம் நீர் தந்த அணையின் கரையிலேயே வாழ்வோர், இந்தப் புதிய பாசனத்திலே கடைமடையாகிப் போயினர். இதைவிடக் கொடிய முரண் வேறு வேண்டுமா?

மீட்டது எது?

பள்ளிகள் திறந்தன. பிள்ளைகள் இழந்தது எவ்வளவு, மீண்டது எவ்வளவு என்பதைப் பொருளியல் அறிஞர்கள் அளந்தனர். ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை வீடு தேடிச் சென்று சோதித்தனர். 2021 டிசம்பரில் கண்ட இழப்பு பெரிது. கணக்கிலே மிகப் பெரிது. ஆனால் பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது! அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற ஒரே திட்டத்தின் பயன் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

அந்தத் திட்டம் என்ன? விலையுயர்ந்த கருவியா? கடல் கடந்து வந்த மென்பொருளா? மாலையிலே ஒன்றரை மணி நேரம், தெருவிலோ திண்ணையிலோ பாய் விரித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துப் பாடம் சொன்னாள். 2021 அக்டோபர் 27இல் தொடங்கிய அத்திட்டம், தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் நம் கன்னியாகுமரியும் ஒன்று. பின்னர் மாநிலமெங்கும் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் திரண்டனர், பெரும்பாலோர் பெண்கள். அவர்கட்கு மாதம் கிடைத்த ஊக்கத்தொகை 1,000 ரூபாய். அந்தத் தொகை போதாது என்று அன்றும் கூறினோம், இன்றும் கூறுகின்றோம். ஆனால் அவர்கள் செய்த தொண்டின் பயனை எண்கள் எடுத்துரைக்கின்றன. குழந்தையின் முகத்தைப் பார்த்து, "உனக்கு எங்கே புரியவில்லை?" என்று கேட்க ஒரு மனிதர் அருகில் இருந்தார். அங்கேதான் கல்வி மீண்டது.

உலகம் உரைப்பது

இது தமிழ்நாட்டின் அனுபவம் மட்டுமன்று. தென் அமெரிக்காவின் பெரு நாட்டிலே, குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்று ஊர்ப்புறப் பள்ளிகளில் வாரி வழங்கினர். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. கணினி பெற்ற பள்ளிப் பிள்ளைகளும் பெறாத பள்ளிப் பிள்ளைகளும் கணக்கிலும் மொழியிலும் ஒரே நிலையில் நின்றனர்! கருவி போயிற்று, அதைக் கொண்டு கற்பிக்கும் முறை உடன் போகவில்லை.

தில்லியிலே வேறொரு சோதனை நடந்தது. நடுநிலை வகுப்பு மாணவர் 619 பேர் கொண்ட ஆய்வு அது. ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருள் வைத்த மையத்தில் பள்ளி நேரத்துக்குப் பிறகு பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவாக ஆசிரியரிடம் பாடம். நாலரை மாதத்திலேயே கணக்கிலும் மொழியிலும் தெளிவான முன்னேற்றம். காரணம் என்ன? அந்தப் பிள்ளைகளில் பலர் தம் வகுப்புக்குப் பல வகுப்புகள் பின்தங்கி இருந்தனர். கணினி ஒவ்வொருவரும் நின்ற படியைக் கண்டறிந்து, அந்தப் படியிலிருந்தே கேள்வி கேட்டது. அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியரால் செய்ய இயலாத அந்த ஒரு வேலையைக் கருவி செய்தது. மற்றதை மனிதர் செய்தார். பெருவுக்கும் தில்லிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுகொண்டவனுக்கு, மின்வழிக் கல்வியின் மருமம் முழுவதும் புலனாகும்.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 2020 ஜூன் 1இல் அவர்கள் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே பாடம் தொடங்கினர். தொடங்குமுன் என்ன செய்தனர்? தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தனர். சுமார் 2.6 லட்சம் பேர் என்று தெரிந்தது. உள்ளாட்சிகளும் நூலகங்களும் முன்வந்து, அப்பிள்ளைகள் கூடிப் பார்க்கப் பொது இடங்களில் ஏற்பாடு செய்தனர். அங்கும் குறைகள் இருந்தன, துயரங்களும் நேர்ந்தன. எனினும் கடைமடையில் நிற்பவர் எவர் என்று எண்ணிப் பார்த்த பிறகே மடை திறக்க வேண்டும் என்ற நெறியை நாம் அங்கிருந்து கற்கலாம். இணைய வசதி பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இலேயே கூறிவிட்டதையும் இங்கே நினைவூட்டுவோம்.

புதிய அரைநேரக் கல்வி

இனி நமது அச்சத்தைச் சொல்கின்றோம். 1953இல் சென்னை மாகாணத்திலே ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று நாடு அதைக் கண்டித்தது. பதவிக்கு வந்த காமராசர் 1954இல் அதைக் குப்பையிலே எறிந்தார், பள்ளிகளைப் பெருக்கினார், பகலுணவு போட்டார். அந்தக் காமராசரைத்தான் நாகர்கோவில் தொகுதி 1969இல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிற்று.

இன்று எவரும் வெளிப்படையாக அரைநேரப் பள்ளி என்று பேசத் துணியமாட்டார்கள். ஆனால் வேறு மொழியில் பேசுவார்கள். "சிறிய பள்ளிதானே, ஆசிரியர் ஒருவர் குறைந்தால் என்ன? திரை இருக்கின்றதே!" என்பார்கள். "மலையிலே பத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியா? ஒரு கையடக்கக் கணினி கொடுத்தால் போதாதா?" என்பார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மின்வழிக் கல்விக்கு ஓர் இயல் ஒதுக்கியிருக்கின்றது. சிறு பள்ளிகளை வளாகங்களாகச் சேர்க்க வேண்டும் என்றும் பேசுகின்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆசிரியர் இல்லாத இடத்தைத் திரையால் மூடும் நாள் வந்துவிடுமோ என்று நாம் ஐயுறுவது தவறாகாது. வசதி உள்ளவன் பிள்ளைக்கு ஆசிரியரும் உண்டு, திரையும் உண்டு. ஏழையின் பிள்ளைக்குத் திரை மட்டும் என்றால், அது புதிய குலக்கல்வி அன்றி வேறென்ன?

சந்தையின் கதையையும் கேளுங்கள். பைஜூஸ் என்ற கல்வி நிறுவனத்தின் மதிப்பு 2022இல் 2,200 கோடி டாலர் என்று உலகமே வியந்தது. 2024 ஜூலையில் அதன்மீது திவால் நடவடிக்கை தொடங்கிற்று. கம்பெனி எழும், விழும். அது வணிகத்தின் இயல்பு. பள்ளி அப்படி எழுந்து விழக்கூடிய பொருளா? பிள்ளையின் பாடமும் மதிப்பெண்ணும் விவரக் குறிப்பும் வணிகனின் பெட்டியில் இருந்தால், வணிகன் கடையை மூடும் நாளில் அவை எங்கே போகும்?

எந்த மொழியில்?

குமரி மண் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1இல். அதற்காக மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் 1954 ஆகஸ்ட் 11இல் துப்பாக்கிக் குண்டுகளுக்கு மார்பு காட்டினர் நம்மவர். தாய்மொழியில் வாழவும் ஆளவும் படிக்கவும் வேண்டும் என்பதன்றோ அந்தப் போரின் பொருள்? அந்த மண்ணின் பிள்ளை திரையைத் திறந்தால் முதலில் வருவது எந்த மொழி?

கணினியில் தமிழ் இடம் பெறப் பாடுபட்ட பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. 1999இல் சென்னையிலே தமிழிணைய மாநாடு கூடி விசைப்பலகையை முறைப்படுத்திற்று. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அந்த வழியில் நின்று பாடப் படங்கள் தமிழிலேயே சிந்தித்து ஆக்கப்பட வேண்டும். ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்த்த வறட்டுத் தமிழ் பிள்ளையின் நெஞ்சில் ஒட்டாது. கணக்குப் பாடத்திலே வள்ளமும் வலையும் வரட்டும். தோவாளைப் பூச்சந்தையின் விலை வரட்டும். அறிவியல் பாடத்திலே ரப்பர்ப்பால் ஏன் உறைகின்றது என்ற கேள்வி வரட்டும். நம் மாவட்டத்தில் மலையாள வழியில் பயிலும் பிள்ளைகளும் இருக்கின்றனர். அன்று நமக்குக் கேட்ட உரிமையை இன்று அவர்களுக்கு மறுப்பது அறமாகாது. அவர்கள் மொழியிலும் அதே தரத்தில் பாடம் வர வேண்டும்.

ஆசிரியர் கணக்கரா?

கருவி ஆசிரியரின் சுமையைக் குறைக்க வந்தது என்றனர். நடந்தது என்ன? வருகையைச் செயலியில் பதிவு செய். வழங்கிய காலணியைப் பதிவு செய். தேர்வைப் பதிவு செய். படம் எடுத்து ஏற்று! கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை என்ற பெயரில் வந்த பதிவு வேலை பாட நேரத்தைத் தின்கின்றது என்று ஆசிரியர் அமைப்புகள் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பி வருகின்றன. பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டிய கண், சுழன்றுகொண்டிருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், நட்டம் எவருக்கு? பதிவுக்குத் தனிப் பணியாளர் வேண்டும். ஆசிரியருக்குக் கருவி வேண்டும். கருவிக்கு ஆசிரியர் ஊழியம் செய்யும் நிலை வேண்டாம்.

தாழ்ப்பாள் எவர் கையில்?

அணை நம் ஊரில் இருந்தும் மதகின் தாழ்ப்பாள் பிறர் கையில் இருந்தால் என்ன பயன்? 1976இல் நெருக்கடிநிலைக் காலத்தில், 42ஆம் திருத்தத்தின் வழியே, மாநிலப் பட்டியலில் இருந்த கல்வி பொதுப்பட்டியலுக்குக் கொண்டு போகப்பட்டது. அதன் விளைவை அண்மையில் கண்டோம். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் பணம் என்று கூறி, 2024-25ஆம் ஆண்டுக்குரிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. நியாயம் கேட்டு 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தின் படி ஏற வேண்டியதாயிற்று. கொள்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அதற்குக் குழந்தையின் பலகையைப் பிடுங்குவதா தண்டனை?

தில்லியை மட்டும் குறை கூறி நாம் ஓய்ந்துவிட மாட்டோம். சென்னையும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலே கல்வி வட்டாரங்கள் பலவற்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுத்த குழு உண்டு. எந்தக் கருவி வாங்குவது, எந்தப் பிள்ளைக்கு என்ன உதவி என்பதை அந்த வட்டாரமே பேசி முடிவு செய்கின்றது. சென்னை மாகாணத்திலும் ஜில்லா போர்டுகள் பள்ளி நடத்திய காலம் ஒன்று உண்டு. இன்று நம் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வேலை என்ன? மேலிருந்து வரும் ஆணையைக் கீழே அனுப்புவதும், கீழிருந்து வரும் கணக்கை மேலே அனுப்புவதும். மலை, கடல், வயல், தோட்டம் என நான்கும் ஒரு சிறு மாவட்டத்துக்குள் அடங்கிய குமரிக்கும், சமவெளி மாவட்டத்துக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் பொருந்துமா? கோதையாற்றுப் பிள்ளைக்கு வேண்டியது தங்கும் விடுதியும் ஆசிரியரும். கடற்கரைப் பிள்ளைக்கு வேண்டியது மாலைப் பாட மையம். இதை அறிந்தவர் இங்கே இருக்கின்றனர். முடிவெடுக்கும் உரிமையும் ஓரளவு இங்கே இருக்க வேண்டும்.

நாம் கேட்பவை

வெறும் குறை கூறிக் கலைவது நம் வழக்கமன்று. ஆறு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

ஒன்று: எந்தத் திரையும் ஆசிரியர் பணியிடத்துக்கு மாற்றாகாது என்பதை அரசு ஆணையாகவே வெளியிட வேண்டும். காலி இடங்களை நிரப்பிய பிறகே கருவியின் பெருமையைப் பேச வேண்டும்.

இரண்டு: கருவி பழுதானால் இத்தனை நாளுக்குள் சீர் செய்வோம் என்று கெடு வேண்டும். மாவட்டத்துக்கெனப் பழுது பார்க்கும் பணியாளர் வேண்டும். பூட்டிய அறையிலே தூசி படிந்து கிடக்கும் கணினி, வற்றிய கால்வாய்க்கு ஒப்பானது.

மூன்று: காணிக் குடியிருப்புகளுக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் மீனவ ஊர்களுக்கும் முதல் இணைப்பு. பொது நூலகம், ஊராட்சிக் கட்டடம், சமூகக் கூடம் ஆகியவற்றில் மாலைப் பாட மையம். அதிலே பயிற்சி பெற்ற ஒருவர். அவருக்கு மானமான ஊதியம்.

நான்கு: பாடப் பொருளும் மென்பொருளும் பொதுவுடைமையாக இருக்க வேண்டும். கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நடத்திக் காட்டியிருக்கின்றன. பிள்ளைகளின் விவரங்களைக் கம்பெனிகளுக்குத் தாரை வார்க்கக் கூடாது.

ஐந்து: இணையம் இல்லாமலே இயங்கும் பாடத் தொகுப்பு ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும். மழையும் புயலும் அடிக்கடி கம்பியை அறுக்கும் மாவட்டம் இது. 2017இல் ஒக்கி அடித்தபோது இங்கு மின்சாரம் பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆறு: எந்தப் பள்ளியில் என்ன கருவி இயங்குகின்றது, எது இயங்கவில்லை என்ற பட்டியலை மாவட்ட நிருவாகம் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்குக் கோட்டைக்குப் போக வேண்டியதில்லை, தோழரே. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். முந்திரி ஆலைத் தோழியருக்கும் பால்வெட்டும் தோழர்க்கும் கட்டுமரத் தோழர்க்கும் சட்டம் தந்த நாற்காலி அது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால், அதிலே வேறு எவரோ உட்காருவர். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். திரையைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். "இதை இயக்கத் தெரிந்த ஆசிரியர் யார்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என் பிள்ளை இதைத் தொடுகின்றது? எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு மாலையில் யார் உதவுவார்?" என்று கேளுங்கள். கேள்வியைக் கேட்பவர் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உழவன் பொறியியல் படித்தா மடையில் நின்று நீர் கேட்டான்?

நீர் வரும்வரை மடையை விட்டு அகலாதவன் நாஞ்சில் நாட்டான். இந்தப் பாசனத்துக்கும் அதே காவல் வேண்டும். மலையடிவாரத்தில், கடலோரத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் உள்ள கடைசிப் பிள்ளையும் புரிந்து படிக்கும் நாளில்தான், அணை நிறைந்தது என்று நாம் ஒப்புவோம்.